போகப்போவதை முதலில் காட்டு

அக்டோபர் 6, திங்கள்

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த கடைக் கணினி இன்று காலை பத்தேகாலுக்குப் படுத்துவிட்டது. ஒரு ரோல் துணியைத் தேடினால் நாலு நிமிடம் சுற்றுகிறது. தெர்ப் ஓமர் துணிச்சந்தையில் நாலு நிமிடம் காத்திருக்கும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் எதிர்க்கடையில் பேரம் முடித்து, புதினாத் தேநீரும் குடித்துவிடுவான்.

வதீக்கு போன் போட்டேன். மென்பொருள் நிறுவன முதலாளி. மூன்று வாரம் முன் புதுப் பதிப்பு என்று ஒன்றை ஏற்றிவிட்டுப் போனவன். மாலையில் வந்தான் — பளபளக்கும் ஷூ, ஊரைத் தூக்கும் வாசனை, வெறும் கை.

"கவலையே படாதீங்க லல்லா. ஒரே ஒரு கட்டளை. பழையபடி பின்னாடி போயிடலாம். தேநீர் ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்." லல்லா என்று மரியாதை வேறு.

"பின்னாடி போனா என்னென்ன போகும்?"

"ஒண்ணும் போகாது. அமைப்பு மட்டும்தான் மாறும்."

அமைப்பு மட்டுமாம். சுவரை இடித்தாலும் அமைப்பு மட்டும்தான் மாறுகிறது. சுவரில் பதித்த அலமாரி அந்தரத்தில் நிற்குமா?

போகப்போவதை எழுதிக் காட்டு, அப்புறம் பார்க்கலாம் என்றேன். சிரித்தான். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது லல்லா."

பத்தொன்பது வயதில் துண்டுத்துணி மூட்டையோடு இந்தத் தெருவுக்கு வந்தவள் நான். எனக்குப் புரியாது என்று நினைத்தவர்களிடம் வாங்கி விற்றுத்தான் இரண்டு கிடங்கு கட்டினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வதீ இரண்டு முறை கூப்பிட்டான். "இன்னும் யோசிக்கிறீங்களா?" ஆமாம். யோசிப்பதற்குக் காசு கேட்காத ஒரே ஆள் நான்தான்.

என் கடையில் கத்திரியை எடுக்குமுன் சாக்குக்கட்டியால் துணியில் கோடு போட வேண்டும். வாங்குகிறவர் அந்தக் கோட்டின்மேல் விரல் வைக்க வேண்டும். விரல் படாத துணி வெட்டுப்படாது, என் கூடப்பிறந்தவனே வாங்கினாலும். "நான் அங்க வெட்டச் சொல்லலையே" என்ற பேச்சை இருபது வருடமாக நான் கேட்டதில்லை. இவன் கோடே போடாமல் கத்திரியைத் தூக்குகிறான். பாரிஸில் படித்தவனாம்.

இன்று முழுக்கக் கையாலேயே எழுதி விற்றோம். எட்டுப் பேர் திரும்பிப் போனார்கள்.

அக்டோபர் 8, புதன்

பட்டியல் வந்தது. கொண்டுவந்தது வதீயிடம் வேலை பார்க்கும் ஸுகைனா என்ற பெண். அவனும் பின்னாலேயே வந்து நின்றான். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பல் கூசியவன் மாதிரி முகம்.

"கட்டளையை ஓட்டாமலே, ஓட்டினா என்னென்ன நடக்கும்னு எழுதிக் காட்டச் சொல்லலாம் லல்லா. ரெண்டு நிமிஷ வேலை."

ரெண்டு நிமிஷம்! இதை மறுக்கவா இவன் இரண்டு நாள் செலவழித்தான்?

அரைத்தாள், ஐந்து வரி. புதுப் பதிப்பு ஐந்து படியாக ஏறியிருக்கிறது. இறங்கும்போது கடைசிப் படி முதலில் கழலும். ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொன்னேன். நாலாவது வரி: சரக்குப் பட்டியலில் இருந்து 'சாய லாட்' கட்டத்தை நீக்கு. எந்த ரோல் எந்தத் தடவை சாயத்தொட்டியில் முக்கியது என்ற குறிப்பு அதில்தான்.

"நீக்குன்னா? மறைச்சு வைக்குமா?"

"இல்ல லல்லா. உள்ள இருக்கிறதோட சேர்த்து எடுத்துடும்."

"உள்ள எத்தனை இருக்கு?"

வதீ குறுக்கே விழுந்தான். "அது இந்தப் பட்டியல்ல வராது."

"வரலேன்னா எண்ணு."

அவன் எண்ணவில்லை. அவள் எண்ணினாள். ஆயிரத்து நூற்று நாற்பது ரோல்.

"இதுக்கா பயப்படறீங்க?" என்றான். "துணியில லேபிள் இருக்குமே. பார்த்து மறுபடி டைப் அடிச்சுக்கலாம்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். லேபிள் இல்லை.

புதுப் பதிப்போடு நம்பர் போட்ட ஸ்டிக்கர் வந்தது. லாட் எண்ணெல்லாம் கணினியில் ஏறியாயிற்று, இனி ஒரு ரோலில் இரண்டு சீட்டு அசிங்கம் என்று ஆலை லேபிளை எல்லாம் கிழித்துப் போடச் சொன்னது யார்? நான்தான். கிடங்குக்கு ஓடினேன். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் அல்லால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"குப்பை வண்டியில போய் மூணு வாரம் ஆச்சு லல்லா. ஒண்ணுகூட மிச்சம் இருக்கக்கூடாதுன்னு நீங்களே பக்கத்துல நின்னு பார்த்தீங்களே. மறந்துபோச்சா?"

சனிக்கிழமை அகாதிர் கடற்கரை விடுதிக்கு இருநூற்று அறுபது ரோல் திரைச்சீலைத் துணி போக வேண்டும். எல்லாமே மணல் நிறம், ஆனால் மூன்று சாய லாட். கிடங்கு விளக்கில் மூன்றும் ஒன்று. கடல் வெளிச்சத்தில் அடுத்தடுத்த ஜன்னலில் தொங்கினால் ஒன்று மணல், இன்னொன்று சிகரெட் குடித்த பல். விடுதிக்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்புவார், இனி என் பெயரையும் எடுக்க மாட்டார். எந்த ரோல் எந்த லாட் என்பது இப்போது உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. அதைத்தான் தேநீர் ஆறுவதற்குள் அழிக்க வந்தான்.

அவன் முட்டாள், சரி. நீ என்ன, முதலாளியம்மா ஸுஹோர்? அவனாவது கேட்டுவிட்டு அழிக்க வந்தான். நீ கேட்கக்கூட இல்லையே!

அக்டோபர் 9, வியாழன்

இருவரையும் வரச் சொன்னேன். தாளை மேசையில் விரித்தேன்.

"கணினியைப் படுக்க வைச்சது இந்த அஞ்சுல எது?"

வதீ ஏதோ நீளமாகச் சொன்னான். முடியும்வரை ஆலிவ் தின்றுகொண்டிருந்தேன். ஸுகைனா தாளின் முதல் வரியைத் தொட்டாள். புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி, தேடலுக்கு ஒன்று இருந்ததாம். கடைசிப் படி அதைக் கழற்றிவிட்டது. அதனால் கணினி ஒவ்வொரு ரோலாகப் புரட்டித் தேடுகிறது.

"அப்ப அந்த ஒரு படி மட்டும் இறங்கினா போதாதா?"

"போதும் லல்லா."

"முழுசாத்தான் எடுப்போம்," என்றான் வதீ. "அது எங்க முறை."

"உன் முறையை உன் வீட்டுல வைச்சுக்கோ தம்பி. ஒரு பட்டன் அறுந்தா சட்டையையே கொளுத்துவியா?"

ஸுகைனா தாளைப் பார்த்தபடியே சிரிப்பை விழுங்கினாள்.

முதலில் சாய லாட் முழுவதையும் அச்செடுக்கச் சொன்னேன்: இருபத்தொன்பது பக்கம். பிறகு ஸுகைனா எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, அந்த ஒரு படியை நகலில் இறக்கிப் பார்த்தாள். எண்ணினாள். ஆயிரத்து நூற்று நாற்பது. அப்புறம்தான் அசலில். மறுபடி எண்ணினாள். அதே எண். தேடினால் மூன்று நொடி.

இருபத்தொன்பது பக்கத்தையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 10, வெள்ளி

எதிர்க்கடையில் போய் "லல்லா ஸுஹோர் கடையை நான்தான் காப்பாத்தினேன்" என்றானாம் வதீ. வெட்கம் என்ற கட்டத்தை இவனிடமிருந்து யாரோ முன்பே நீக்கியிருக்கிறார்கள்.

அக்டோபர் 11, சனி

லாரி போய்விட்டது. விடுதியில் மாடிக்கு ஒரு லாட். ஒவ்வொரு ரோலையும் அச்சுத்தாளோடு நானே ஒத்துப் பார்த்தேன். இடுப்பு போய்விட்டது.

நவம்பர் 3, திங்கள்

விடுதிக்காரர் மீதி ஜன்னல்களுக்கும் கேட்டிருக்கிறார்.

ஸுகைனா வந்தாள், தனியாக. வதீயை விட்டு நின்றுவிட்டாளாம். வேலை கேட்டு வந்தவள் முகமே இல்லை. விலை சொல்ல வந்தவள் முகம்.

"மாசம் மூவாயிரத்து ஐந்நூறு."

"ரெண்டாயிரம். வதீக்கே நான் அவ்வளவு குடுக்கல."

"அதான் லல்லா உங்களுக்கு வதீ கிடைச்சாரு."

எத்தனை வருடமாயிற்று, இந்த மேசையில் ஒருவர் எனக்கு இப்படித் திருப்பிக் கொடுத்து! தேநீர் வரவழைத்தேன். குடித்துவிட்டு, தனக்கும் ஒரு நிபந்தனை உண்டு என்றாள். சொன்னாள். கிழித்த லேபிள் கதையை அல்லாலிடம் முன்பே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

முடிவானது: மாதம் மூவாயிரம் திர்ஹம், ஒன்றாம் தேதி. எதையும் பின்னோக்கி எடுக்குமுன் பட்டியலும், ஒவ்வொரு வரிக்கு எதிரே எத்தனை பதிவு போகும் என்ற எண்ணும் தாளில் வர வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் ஓட்டக் கூடாது. கிடங்கில் இருந்து நான் எதை வீசச் சொன்னாலும் அதற்கும் அதே மாதிரி ஒரு தாள். அவள் கையெழுத்து இல்லாமல் குப்பை வண்டியில் ஏற்றக் கூடாது.