நீரு பேக்கா?

மஞ்சக்கா, அத்திப்பள்ளியிலிருந்து இனி எந்த பஸ்ஸிலும் ஏறி வராத என் அக்காவுக்கு,

ஆற்றுத் தண்ணீர்ப் பிரச்சனை மறுபடியும் சூடாகிவிட்டது. பஸ்களை மாநில எல்லையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் இறங்கி, நடந்து வந்து, இந்தப் பக்கம் நம் கம்பெனி வேனில் ஏறுகிறார்கள். நீங்கள் உயிரோடு இருந்தபோது இதையெல்லாம் இரண்டு போனில் முடித்துவிடுவீர்கள். இப்போது உங்கள் நாற்காலியில் நான்.

போன வாரம் கேன்டீனில் கைகலப்பே வந்திருக்கும். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த இசக்கி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். உங்கள் தெரு சிவண்ணா தண்ணீர் ஜக்கை நீட்டி, "நீரு பேக்கா?" என்றார். தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டார், பாவம். இசக்கியின் ஊரில் 'நீரு' என்றால் நீங்கள். 'பேக்கு' என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

"யாரைப் பாத்து வே பேக்குங்கீரு?" என்று எழுந்தான். ஜக் தரையில் உருண்டது. அர்த்தத்தை விளக்கினேன், யார் காதிலும் ஏறவில்லை. தமிழ்க்காரர்கள் ஒரு பக்கம், கன்னடக்காரர்கள் ஒரு பக்கம் என்று மேசைகள் பிரிந்துவிட்டன.

"நாளையிந்த நாங்க யாரும் வரல்ல மேடம்" என்றார் சிவண்ணா, தன் கன்னடத் தமிழில்.

வேன் ஒருநாள் காலியாக வந்தால், அப்புறம் அந்தப் பக்கத்து முகத்தை இந்தப் பக்கம் பார்க்கவே வழியில்லையே?

உங்கள் குரல்தான் ஞாபகம் வந்தது. "பேச்சு முடியல்லன்னா பரவால்ல தங்கி. மறுபடி எப்ப உக்காரோதுன்னு சொல்லிட்டு எழுந்திரு." தங்கச்சி என்பது கடைசிவரை உங்கள் வாயில் வரவே இல்லை.

யார் மேல் தப்பு என்று நான் விசாரிக்கவில்லை. "நாளைக்கு மதியம் நாம மூணு பேரும் இதே மேசையில சாப்பிடுறோம்" என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கேட்டிலேயே நின்றேன். வேன் வந்தது. எல்லோருக்கும் கடைசியாக, முறைத்துக்கொண்டே சிவண்ணா இறங்கினார்.

மதியம் அதே மேசையில் சோறு பாதி இறங்கியது. பிறகு இசக்கி ஜக்கைத் தூக்கினான். "அண்ணாச்சி, நீரு பேக்கா?"

சிவண்ணா நிதானமாக டம்ளரை நீட்டினார். "யாரு பேக்கு? நானா, நீனா?"

கேன்டீனே சிரித்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டில்லியில் இரண்டு மாநிலத்து அதிகாரிகள் எத்தனையோ முறை உட்கார்ந்து, முடியாமலே எழுந்திருக்கிறார்கள். தேசத்துக்குத் தேசம் தூதர்களும் அப்படித்தான். வெட்டிப் பேச்சு என்று நானே சலித்துக்கொண்டதுண்டு. மறுபடி வந்து உட்காருகிறார்களே, அதுதான் அவர்கள் வேலையா அக்கா? முன்பே உங்களிடம் கேட்டிருக்கலாம். உங்கள் டிபன் பாக்ஸிலிருந்த அவரைக்காய் உப்புமாவைத் தின்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

ஆற்றுத் தண்ணீருக்கு இன்னும் முடிவு வரவில்லை. பஸ்கள் இன்னும் பல தடவை நிற்கும். எத்தனை தடவை நின்றாலும், அந்த மேசையில் மறுநாள் சாப்பாட்டுக்கு இரண்டு பக்கத்தையும் அழைக்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன்.

எல்லைக்கு இந்தப் பக்கம்,
உங்கள் தங்கி