பட்டியலில் எழுதாத மாதா

என்றும் என் அன்புக்குரிய ஐயா,

உங்கள் மாதா சிலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் பிந்தித்தான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஏசலாம்.

கொழும்பில் அரசாங்க எழுத்தராக இருந்த கதையைப் பிள்ளைகள் எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், வெள்ளைக்கார அரசு இத்தாலியரின் கடைகளை எதிரிச் சொத்து என்று பூட்டி முத்திரை வைத்தது. முதலாளிகள் தடுப்பு முகாமுக்குப் போனார்கள், சரக்கு ஏலத்துக்குப் போனது. ஏலத்துக்கு முன் கடையில் உள்ளதெல்லாம் பட்டியலிடுவது உங்கள் வேலை. சலவைக்கல், விளக்கு, கதிரை என்று எழுதிக்கொண்டே போனவருக்கு, ஒரு கடையில் முதலாளி தானே கும்பிட்ட மர மாதாவின் முன்னால் பேனை ஓடவில்லை.

"துரை, மாதாவும் எதிரியோ?" என்று உங்கள் வெள்ளைக்கார மேலதிகாரியிடம் கேட்டீர்களாம். நாலு சுவருக்குள் இருப்பதெல்லாம் எதிரியுடையதுதான் என்றாராம் துரை. நீங்கள் எழுதவில்லை. துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். சட்டப்படி அது களவு. நீங்களும் அதை மறுத்ததில்லை.

நான் இத்தாலிக்கு வெளிக்கிட்ட அன்று சிலையை என் பெட்டிக்குள் வைத்தீர்கள். "அடியிலை அந்தக் கடைக்காரரின்ரை பேரும் பலேர்மோ ஊரிலை அவையின்ரை தெருவும் எழுதிக் கிடக்கு. தேடிக் குடு பிள்ளை. அது எங்கடை இல்லை."

அந்தத் தெரு நான் இருக்கிற இதே பலேர்மோவில், கபோச் சந்தைக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஐயா. கிழமைக்கு இரண்டு தரம் நான் மரக்கறி வாங்குகிற இடம். நீங்கள் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "தேடுறன் ஐயா" என்றேன். பொய். வீடு துடைக்கிறவள் பழைய சிலையோடு போய் நின்றால், எங்கே எடுத்தாய் என்றுதானே கேட்பார்கள்? விஷயம் பொலிசுக்குப் போனால் என் பெர்மெசோ, இங்கே இருப்பதற்கான அந்தக் கடதாசி, என்ன ஆகும்? பயத்திலேயே வருடங்கள் போயின. நீங்களும் மோட்சம் போய்விட்டீர்கள்.

போன மாதம் உங்கள் பேத்தி வீட்டை ஒதுக்கும்போது கேட்டாள்: "அம்மா, இதை வித்தா என்ன?" அது எங்களுடையது இல்லை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிறு பூசை முடிந்து சிலையோடு அந்தத் தெருவுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் முதலாளியின் மகள், தொண்ணூறு தாண்டியவர். எங்கே எடுத்தாய் என்று கேட்கவில்லை. மாதாவின் இடக்கையில் இல்லாத சுண்டுவிரலைத் தடவிப் பார்த்தார்.

"இதை உடைத்தது நான்தான். கொழும்பில், சின்ன வயதில்" என்றார். பிறகு, "அப்பா சாகும்வரை ஒன்றைத்தான் கேட்டார். மாதாவை யாருக்கு விற்றிருப்பார்கள் என்று."

"விற்கவில்லை, சிஞ்ஞோரா. என் ஐயா அதைப் பட்டியலில் எழுதவே இல்லை."

அவர் அழுதார். கொஞ்சம் கழித்து, பலேர்மோவுக்கு வந்து எவ்வளவு காலம் என்று கேட்டார். முப்பது வருடம் என்று இந்தத் தரம் உண்மையைச் சொன்னேன்.

"என் அக்கா போன வருடம்தான் இறந்தாள்" என்றார். நான் நேரத்தோடு வந்திருந்தால் அவளும் மாதாவைப் பார்த்திருப்பாள். அவர் என்னை ஏசியிருக்கலாம், ஐயா. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவருக்கு இப்போது முழந்தாளிட முடியாது. ஞாயிறுதோறும் வந்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றும் போனேன். அடுத்த ஞாயிறும் போவேன். உங்களுக்குச் சொன்ன 'தேடுறன்' போல இல்லை இது.

உங்களிடம் பொய் சொன்ன மூத்த மகள்,
றீற்றா