உத்தரவு கொடுக்காத கிடா

ஆடி மூன்றாம் ஞாயிறு, செம்மண்டலம்

தூக்கமே வரவில்லை, அவ்வளவு பரபரப்பு! மச்சான் கால் குணமானதற்காக அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை இன்று வெட்ட முடியவில்லை. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் கிடா உடம்பை உதற வேண்டும். அதுதான் அம்மன் கொடுக்கும் உத்தரவு. ஏழு குடம் ஊற்றியும் அது வேப்பிலையை மென்றபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

நாளை சிதம்பரம் கல்லூரியில் நான் எடுக்கப்போகும் பாடமே பழைய ரோமாபுரியின் பலிதான். வாயை அடக்க முடியாமல் மாமனாரிடம் சொன்னேன்: "மாமா, ரோம்லயும் தலையில உப்பு மாவு தூவி ஒயின் ஊத்துவாங்க. அறுத்தப்புறம் குடலைப் பாப்பாங்க. சாமி ஏத்துக்கலைன்னா இன்னொரு ஆடு, அதுவும் சரியில்லன்னா இன்னொண்ணு."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப அவுங்க சாமிகிட்ட கேக்கல மாப்ள. சரின்னு சொல்ற வரைக்கும் விடல, அவ்ளோதான். நாம அடுத்த ஞாயிறு வந்து கேப்போம்."

இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்குத் தோன்றாத வரி! நாளை வகுப்பை அதில்தான் ஆரம்பிக்கப்போகிறேன்.

கிடாவை எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கட்டினோம். நான் குழாயில் கை கழுவும்போது நாலு சொட்டு அதன்மேல் தெறித்தது. கொம்பிலிருந்து வால்வரை ஒரு உதறு உதறியது. என் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள்.

"என்ன மாப்ள சத்தம்?" என்று உள்ளேயிருந்து மாமா கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமா."

சட்டையை நானே துவைத்தேன். சோப்பு பட்டதும் மஞ்சளெல்லாம் சிவப்பாகிவிட்டது.