லேப்டாப்புக்கு இரண்டு ஃபேன்

மணிமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மரகதம்,

இங்கே நானும் வீடும் நீ விட்டுப்போன முருங்கையும் சௌக்கியம். சிங்கப்பூரில் நீயும் இசைவாணியும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். சம்பந்தி ஜீவானந்தம் சுகமாகத்தான் இருப்பார், கேட்கவே வேண்டாம்.

நம் தெரு மஞ்சுளாவின் மகன் சுபாஷ் நாளை அங்கே வருகிறான். அப்பளத்தோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். வீடியோவில் நான் பேசுவது அங்கே டிவியில் வீடு முழுக்கக் கேட்கிறது. சம்பந்தி சோபாவில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். சிலதை அப்படிச் சொல்ல முடியவில்லை.

நம் லேப்டாப் பேச்சின் நடுவே அணைந்துபோகிறதே, சூடுதான் காரணம். குழந்தை என் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து அணையும். அப்புறம் அந்தச் சிரிப்பு யாருக்குப் போயிருக்கும் என்று நினைத்தபடி கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடம் இருப்பதோ பட்டன் போன். புது லேப்டாப் வாங்கி அனுப்பட்டுமா என்று சம்பந்தி கேட்டார் பார், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இதை நானே சரிசெய்வேன் என்று.

ஒரகடம் சாலையில் பழைய கம்ப்யூட்டர் பிரிக்கும் கடையில் இரண்டு சின்ன ஃபேன் வாங்கினேன். பிளைவுட் பலகையில் இரண்டு வட்டம் அறுத்து, காற்று மேலே ஊதும்படி பொருத்தினேன். மூலைகளில் பாட்டில் மூடிகளைக் கால்களாக ஒட்டினேன். கெட்டுப்போன இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர் கரண்டுக்கு உதவியது. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த பக்கத்து வீட்டு டில்லிபாபு எட்டிப் பார்த்து, "இன்னா சார், கம்ப்யூட்டருக்கு ஏசி கட்டிகினு கீறீங்க? எங்க கம்பெனி லைன்லயே எங்களுக்கு ஃபேன் கெடையாது சார்!" என்று சிரித்தான். பேத்தி முகம் பார்க்கத்தான் என்று விஷயத்தைச் சொன்னேன். "இன்னா ஃபேன் போட்டாலும், கூட கீறவர்தான் சார் கொளந்தைக்குத் தாத்தா" என்றான். அவனுக்கு டீ கொடுக்கவில்லை.

ஃபேன் ஜோராகச் சுற்றியது. ஆனாலும் அன்று மாலை அணைந்தது. ஒரு ஜன்னலைத் திறந்தால் போதாது, எதிர்ச் சுவரிலும் ஒன்று திறந்திருந்தால்தான் காற்று ஓடும் என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்வேனே, அது நினைவுக்கு வந்து லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியிலுள்ள காற்றுத் துளைகள் முழுக்க ஆயுத பூஜைச் சந்தனம்! மிக்சிக்கும் என் சைக்கிளுக்கும் வைத்த கையோடு, மேலே வைத்தால் கறையாகும் என்று அடியில் மூன்று விரலால் இழுத்துவிட்டிருக்கிறாய். சிமெண்டாகக் காய்ந்திருந்தது. பழைய பல் பிரஷால் சுரண்டினேன். உன் விரல்களின் அகலம் அப்படியே தெரிந்தது. அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் சுரண்டினேன்.

நேற்று கடைசிவரை அணையவில்லை. அதுதான் சங்கடமாகப் போயிற்று. இத்தனை நாள் அணைந்ததால் பார்க்காமல் தப்பித்ததையெல்லாம் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு வந்ததும் குழந்தை நேராக அவர் மடிக்குத் தவழ்ந்து போகிறாள். அவர் பருப்புச் சோற்றை விமானம்போல் சுற்றிக்காட்டி ஊட்டுகிறார். "தாத்தா" என்றாள். நான் "என்னடா கண்ணு" என்றேன். அவளோ அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் சிரித்தாய், மரகதம்.

முதல் பெஞ்சுப் பிள்ளையின் பெயர்தான் வாத்தியாருக்கு முதலில் மனதில் நிற்கும். அது கெட்டிக்காரத்தனம் இல்லை, உட்கார்ந்த இடம். சம்பந்தி நல்ல மனிதர். முதல் பெஞ்சில் இருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்கு ஓர் உதவி செய். இனிமேல் "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு" என்று குழந்தையிடம் சொல்லாதே. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. என் பெயரையே சொல்லிக்கொடு. கல்யாணமான நாளிலிருந்து நீ அதைச் சொன்னதில்லை, எனக்குத் தெரியும். ரேஷன் கடையில்கூட என்னைக் கையால்தான் காட்டுவாய். குழந்தைக்காக ஒரே ஒருமுறை வாய்விட்டுச் சொல். லேப்டாப் அணையாது, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

குழந்தைக்கு என் ஆசி. அவர் மடியில் இருந்தாலும் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
தசரதன்