பிசுபோவின் செருப்புக் குட்டிகள்

என் அன்பு மகள் லுபேக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பாவும் நானும் உன் தங்கைகள் இருவரும் சுகம், பன்றிகளும் சுகம், கூரையில் ஒழுகுகிற இடம் மட்டும் முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. நீ அந்தக் குளிரில் காலுறை போட்டுத் தூங்குகிறாயா, முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுத்துவிடுகிறாயா என்பதுதான் எனக்கு ஓயாத கவலை. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனைக் கையில் எடுத்தால் உன் தங்கைகள் இருவரும் என் இரண்டு தோளிலும் வந்து தொங்குகிறார்கள், போதாததற்கு ரோட்டில் போகிறவர்களும் நின்று உனக்கு வணக்கம் சொல்கிறார்கள். இதில் உனக்கும் எனக்கும் மட்டுமான ஒரு சங்கதி இருக்கிறது. உன் அத்தை மகன் நாளைக்கு நம் தீவிலிருந்து படகேறி ஆக்லாந்து விமானம் பிடிக்கிறான், அவனிடம் இதையும் இரண்டு கட்டி கோக்கோவும் கொடுத்தனுப்புகிறேன். கோக்கோ ஒரு கட்டியாக வந்து சேர்ந்தால் அவனைக் கேள்.

முதலில் உன் நாயின் கதை. பிசுபோ குட்டி போட்டாள், ஐந்தும் கொழுகொழுவென்று இருக்கின்றன என்று ஜூலையில் சொன்னேனே, அதில் பாதியை விழுங்கிவிட்டேன். குட்டி போட்ட இரண்டாம் வாரம், பாடகர் குழுவுக்குப் போகிற வழியில் நம் போதகரம்மா குட்டிகளைப் பார்க்கலாம் என்று குனிந்திருக்கிறார், இந்த மகராசி பாய்ந்து கணுக்காலுக்கு மேலே பிடித்துவிட்டாள். மூன்று தையல். ஊரில் எத்தனையோ கால் இருக்க, இவள் பார்த்துப் பார்த்துப் போதகர் வீட்டுக் காலைத் தேர்ந்தெடுத்தாள். ஊர்ச்சபை கூடியது. மூன்று முறை குட்டி, மூன்று முறை கடி, இனி இந்த நாய் ஊருக்கு வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா சபையில் வாய் திறந்து நீ பார்த்திருக்கிறாயா? அன்று திறந்தார். என் மகள் கையால் ஊட்டி வளர்த்த நாய், அவள் திரும்பி வரும்போது இது வாசலில் இல்லையென்றால் நான் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கேட்டிருக்கிறார். பிறகு மூத்த தலைவர்தான், குட்டி போடுறதாலதானப்பா கடிக்குது, குட்டியே போடாம பண்ணிடு, வெள்ளை ஞாயிறு அன்னிக்கு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வெள்ளை உடுத்திக்கிட்டு உன் வீட்டைத் தாண்டித்தான் ஆலயத்துக்கு நடக்கும், அந்த நாள் முடியிற வரைக்கும் யார் மேலயாவது பல் பட்டுச்சுன்னா அப்புறம் என்கிட்ட வராதே என்று முடித்தார்.

குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கேட்டு வாங்கிப்போன பிறகு, செப்டம்பர் கடைசியில் நியூசிலாந்திலிருந்து மாட்டு டாக்டர்கள் வந்து மகளிர் குழு வீட்டில் மேசை போட்டார்கள். அப்பா பிசுபோவைத் தன் வேட்டியில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்க, ஊரே வேடிக்கை. என்ன தாவிதா, பிரசவத்துக்கா தூக்கிட்டுப் போற என்று ஒருவன் கேட்டான். இல்லடா, இனிமே பிரசவமே வேணாம்னுதான், நீயும் வேணா வரிசையில நில்லு என்றார் உன் அப்பா. அறுவை முடிந்ததும் வெயிலில் மூக்கு உரிந்த ஒரு சின்னப் பெண் டாக்டர் வந்து, பத்து நாள் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, தையலை நக்கக் கூடாது, அடைத்த அறைக்குள் வையுங்கள் என்றாள். எங்கம்மா இருக்கு அடைச்ச அறை என்று அப்பா சிரித்தார். பாவம், அவள் நம் வீட்டை வந்து பார்த்தாள். சுற்றிலும் தூண், மேலே கூரை, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டாள். எந்தப் பக்கம் வேணுமோ எடுத்துக்கோ என்றேன். கடைசியில் என் பழைய பாவாடையைக் கிழித்துக் கயிறாகத் திரித்து நடுத்தூணில் கட்டினோம்.

லுபே, அது உன் பிசுபோவே இல்லை. மயக்கம் தெளியும்போது போட்ட ஊளையைக் கேட்டு எதிர்வீட்டார் எழுந்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தாள். மறுநாள் முழுக்கத் தூணைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், முகத்தைக் காட்ட வெட்கமாம். வெறும் தேங்காய் மட்டையைக்கூட விடாமல் தின்கிறவள், டாரோக் கிழங்கைத் தேங்காய்ப்பாலில் குழைத்துக் கொடுத்தும் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளினாள், கையில் உருட்டி ஊட்டினால் இரண்டு வாய். தலையைச் சுற்றி அவர்கள் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் குடையால் எல்லாத் தூணையும் முட்டி, மூன்றாம் நாள் அது உடைந்தது. பிறகு உன் பழைய நெட்பால் விளையாட்டுச் சட்டையை மாட்டினேன், கோபப்படாதே, உனக்கு அது இனிமேல் பத்தாது. இங்க பாதிப் பேருக்கு நல்ல சட்டை இல்ல, செஃபீனா நாய்க்குச் சட்டை போடுறா என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். முன்பெல்லாம் பகலில் வீட்டுப் பக்கமே வராதவள் இப்போது நான் அடுப்படிக்குப் போனால் அடுப்படி, குழாயடிக்குப் போனால் குழாயடி என்று கயிறு எட்டுகிற வரை ஒட்டிக்கொண்டே வந்தாள், எட்டாத இடத்தில் நின்று முனகினாள். பின்னாலிருந்து யாராவது தொட்டால் மட்டும் பல்லைக் காட்டி உறுமினாள், நான் வெள்ளை ஞாயிற்றுக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணுவேன்.

ஆறாம் நாள் ஆரம்பித்தது புது வினை. அப்பாவின் இடதுகால் ரப்பர் செருப்பைக் காணவில்லை. பிறகு உன் சின்னத் தங்கையுடையது, பிறகு பெட்டிக்கடைக்காரியுடையது. எங்கே என்று பார்த்தால் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டுப் போய் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தன் வயிற்றோடு சேர்த்து அடுக்கி வைத்திருக்கிறாள். நக்குகிறாள், மூக்கால் புரட்டுகிறாள், வெயில் பட்டால் நிழலுக்கு மாற்றுகிறாள். அப்பா தன் செருப்பை எடுக்கப் போய்க் கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டார், நூலிழையில் தப்பினார். அந்த டாக்டர் பெண்ணுக்குப் போன் போட்டோம். பால் கொடுத்துக்கொண்டிருந்த உடம்பு, அறுவை ஆனதும் சில நாய்களுக்குக் குட்டி இருப்பதாகவே தோன்றுமாம், இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடுமாம், பிடுங்காதீர்கள், திட்டாதீர்கள் என்றாள். ஊரிலுள்ள செருப்பெல்லாம் என் வீட்டில் குட்டியாய்ப் பிறந்தால் நான் திட்டாமல் என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் போதகரம்மா வந்தார். கடிபட்ட பிறகு நம் வாசலை மிதிக்காதவர், குடையோடு வந்து நின்றார். நான் ஓடிப்போய் நாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் கிட்டே வரவில்லை, நாலடி தள்ளிப் பாயில் உட்கார்ந்து செருப்புகளை எண்ணினார், நாயின் சட்டையைப் பார்த்தார், எழுந்து நடக்கும்போது அவள் முதுகை வளைத்து வளைத்து வைப்பதைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் இதே இடத்துலதான் செஃபீனா, போன வருஷம், கட்டின்னு சொன்னோமே, கட்டி இல்ல, கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க என்றார். யாராவது தொட்டா எரிச்சலா வரும், தொடலன்னா அழுகையா வரும், ஒரு தலையணைய வயித்தோட வெச்சுக்கிட்டுச் சுவரப் பாத்து ஒருக்களிச்சே கிடப்பேன், இவ மாதிரிதான். அப்புறம் வெள்ளை ஞாயிறுக்குன்னு பிள்ளைங்க சட்டை தைக்க உக்காந்தேன், முப்பத்தெட்டு சட்டை, போதும்மான்னு அவர் சொல்றாரு, கை நிக்க மாட்டேங்குது என்றார். எட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார், வேறு ஊர்க்காரர், சொந்தம் என்று யாரும் இல்லை, அவரை ஒருவர்கூட எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. நான் கேட்டேனா? நான் என்ன சொன்னேன் தெரியுமா, போன வருஷம் பாட்டுப் பயிற்சியில், இவர் பாட வராமல் வீட்டில் உட்கார்ந்து தைக்கிறார் என்று கேள்விப்பட்டு, வயிற்றிலிருந்து எதை எதையோ வெட்டி எடுத்தார்களாம், சோம்பலை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டார்கள் என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை நினைத்துக்கொண்டு நான் அவர் எதிரில் சமையலுக்கு ஈரப்பலாக்காயை வெட்டிக்கொண்டிருந்தேன், விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன்.

வெள்ளை ஞாயிறு வந்தது. பிசுபோவைப் புதுக் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார் அப்பா. பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று பாட்டுப் பாடிக்கொண்டு வரிசையாகப் போனார்கள், இவள் தலையைக்கூடத் தூக்கவில்லை, கொட்டாவி விட்டாள். அப்பா என் கையை அழுத்தினார். நாங்கள் நிம்மதியாக ஆலயத்துக்குப் போய்விட்டோம். பிள்ளைகள் வசனம் ஒப்புவித்து, நாடகம் போட்டு, நல்ல வெயில் ஏறி, முடிந்து வெளியே வந்தால் வாசலில் ஒரே கூச்சல். ஒரு பிள்ளைக்கும் இடதுகால் செருப்பு இல்லை. எனக்கு உயிரே இல்லை. பக்கவாட்டில் செம்பருத்தி நிழலில் படுத்திருக்கிறாள் உன் செல்வம், கழுத்தில் அறுந்த கயிறு, உடம்பைச் சுற்றிலும் இருபது முப்பது குட்டிச் செருப்பு. ஒரு பொடிப்பெண் ஏய் என்னோடது என்று ஓடிப்போய்க் கையை நீட்டினாள், இவள் உதட்டைச் சுருட்டினாள். மூத்த தலைவர் படியிலேயே நின்றுவிட்டார். அப்பா ஓடத் தொடங்கினார், எட்டுகிற தூரம் இல்லை. போதகரம்மாதான், யாரும் அசையாதீங்க, பிள்ளைய மட்டும் மெதுவா பின்னால கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு, வெள்ளைத் தொப்பியும் வெள்ளை உடுப்புமாக அப்படியே புல்லில் உட்கார்ந்தார். கடிபட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு வருஷம். பிசுபோ அவரைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், பிறகு ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள். அம்மா நீயே பாத்துக்கோ என்பதுபோல. இரண்டாவதை வைத்தாள். ஐந்தாவதுக்கு மேல் களைத்துப்போய் அவர் காலில் தலையைச் சாய்த்துப் படுத்துவிட்டாள். மீதியை அவரே எடுத்து எடுத்து, இது யாரு பிள்ளை, இது யாரு பிள்ளை என்று ஒவ்வொருவர் காலிலும் மாட்டிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சபை கூடியது. கடித்தால்தான் தண்டனை என்று சொன்னோம், திருடினால் என்ன என்று பேசவில்லையே என்றாராம் மூத்த தலைவர், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிசுபோ பிழைத்தாள், லுபே. நீ வரும்போது வாசலில் இருப்பாள். செருப்பு ஆசை இப்போது குறைந்துகொண்டே வருகிறது, நேற்று ஒன்றே ஒன்றுதான், அதையும் பாதி தின்றுவிட்டாள், பழைய புத்தி திரும்புகிறது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

நாய்க்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் எடுக்கிற நல்ல பாயை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டு முன்னால் போய், அதைத் தலையோடு போர்த்திக் கூழாங்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொலைக்கும் விபத்துக்கும் மன்னிப்புக் கேட்டு ஆண்கள் செய்கிற காரியம், ஒரு நாக்குக்காக யாரும் செய்து நான் பார்த்ததில்லை. உள்ளிருந்து அவர் ஓடிவந்து பாயை இழுத்துத் தூரப் போட்டார். எழுந்திரு செஃபீனா, பாக்கிறவங்க யாரோ செத்துட்டாங்கன்னு நினைக்கப் போறாங்க என்றார். நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அவர் என் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தார். அன்னிக்கே காதுல விழுந்துச்சு, பாட்டு முடிஞ்சதும் உங்களுக்குக் குடிக்கன்னு ஆலயத்துக்குப் பின்னாடி கோக்கோ கலக்கிட்டு இருந்தேன் என்றார். போன வருஷம், நான் அப்படிப் பேசியதற்கு மறுநாள் காலையில்தான் லுபே, அளவு நாடாவோடு நம் வீட்டுக்கு வந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு உன் தங்கைகளுக்குச் சட்டைக்கு அளவெடுத்தார். நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது அழுகிறேன், காகிதம் நனைந்திருந்தால் கூரைதான் என்று நினைத்துக்கொள். இப்போது தினமும் சாயங்காலம் அவர் நம் வீட்டுக்கு வருகிறார், நான் கோக்கோ கலக்குகிறேன், பிசுபோ நடுவில் படுத்துக்கொள்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை ஆலயம் தவறாதே, அங்கே கிழவிகள் எரிந்து விழுந்தால் பதில் பேசாதே, எங்கே வலிக்கிறது என்று கேள். உன் போக்கிலும் வரத்திலும் கர்த்தர் கூட இருப்பார். பிசுபோவைப் பற்றி இனிக் கவலை இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அன்று நான் அதைச் சொன்னபோது என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நீ. நீ ஊருக்கு வருகிற நாளைக்கென்று இன்னொரு பாயை வெயிலில் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

உன்னை நினைக்காத வேளையில்லாத
உன் அம்மா,
செஃபீனா