பின்னாடி ஆளு!

அம்மா, கும்பிடுறேன். முழங்கால் வலி தேவலையா? நாலு நாளா நான் பேசலைன்னு பதறாதே, தொண்டை கட்டிக்கிச்சு, அவ்வளவுதான்.

மாநில அணிகள் மோதுற தேசியக் கால்பந்துப் போட்டி, நான் கோடு போடுற மைதானத்துலதான் நடக்குது. ஞாயித்துக்கிழமை நம்ம மாநிலம் ஆடிச்சு. சுண்ணாம்பு வாளியோட ஓரமா நின்னேன். வேலைக்காரங்க வாயே திறக்கக்கூடாது. நம்ம ஆட்டக்காரன் ஒருத்தன் பந்தோட ஓடுறான், முதுகுக்குப் பின்னாடி எதிராளி பாயறான். "தம்பி, பின்னாடி ஆளு!"ன்னு என்னையறியாம கத்திட்டேன். அத்தனை ஆயிரம் பேர் கூச்சல்லயும் அவன் காதுல விழுந்துச்சும்மா! சட்டுன்னு திரும்பிப் பார்த்து, ஒதுங்கி, கோல் போட்டான். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மேஸ்திரி முறைச்சார். அப்புறம் நான் வாயையே மூடலை, தொண்டை போனது அதுலதான்.

சரியாகிற வரைக்கும் நீயே போன் பண்ணிப் பேசு, நான் கேட்டுக்கறேன். பக்கத்து வீட்டுச் சண்டையா இருந்தாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாச்சும்மா. இங்க வந்து ஒன்றரை வருஷத்துல, நம்ம பாஷையில நான் கூப்பிட்டு ஒருத்தன் திரும்பினது அன்னைக்குத்தான்.

உன் மகன்