மன்னிப்புக் கேட்காத மரகதம்

இன்று காலை லிஃப்ட் எட்டாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. மரகதம் உள்ளே வந்தாள்.

காக்கிச் சட்டை, முழங்கைவரை மடித்துவிட்ட கை. கட்டம் போட்ட சாரோங்கை முட்டிவரை தூக்கிச் செருகியிருந்தாள். காலில் கறுப்பு ரப்பர் பூட்ஸ். புதுசு போல, லிஃப்ட் முழுக்க அந்த ரப்பர் வாடை. நெற்றியின் வலப்பக்கத்திலிருந்து பின்னல் நுனிவரை ஒரே ஒரு வெள்ளைக் கற்றை, சாயம் பூசியது. பதினெட்டு வயதுக்கு மேல் இருக்காது.

"எங்கம்மா, இந்த வேஷத்துல?" என்றேன்.

"டவுன்ல காமிக்ஸ் விழா, ஆண்ட்டி. நான் மரகதம். கப்பல்காரி மரகதம். தெரியாதா?"

"அவ கெட்டவளாச்சே."

"அதனாலதான் லா, ஆண்ட்டி!" என்று சிரித்தாள். "நல்லவ வேஷம் போட்டா யாரு கூட நின்னு போட்டோ எடுப்பா?"

நான் யாரென்று சொல்லவில்லை. அந்த மரகதத்துக்கு வசனம் எழுதியவள் நான் என்றால் நம்பியிருக்க மாட்டாள். என் கையில் குப்பைப் பை இருந்தது. கீழே இறங்கி, அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ வரைந்த நடை அது. தோள் முன்னால் போகும், தலை பின்னால் வரும். உடையைக் கடையில் வாங்கலாம். அந்த நடையை அவள் உன் படக்கட்டங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்திருக்க வேண்டும்.

நீ கண்மூடி, வருகிற மாதத்தோடு ஒரு வருடமாகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அதனால்தான் இந்த மடல்.

சுங்கை பினாங்கில் இதே பிளாட்டில், எனக்கு ஒரு மாடி மேலே நீ இருந்தாய். முப்பது வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பினாங்குத் தீவின் ஒவ்வொரு குடாவும் ஒவ்வொரு வளைவும் உன் கைக்குத் தெரியும். நானோ பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, பேச ஆளில்லாமல் கரும்பலகையைக் கனவில் கண்டுகொண்டிருந்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு மேல்மாடியில் மாத இதழ் நடத்திக்கொண்டிருந்த நஸீர் தம்பி என்னிடம் ஒரு படத்தொடர் கேட்டார். வசனம் நான் எழுதுவேன், படம் யார் போடுவது என்று யோசித்தபடி மாடியேறி உன் கதவைத் தட்டினேன்.

என் கதையில் ஒரு நேர்மையான இன்ஸ்பெக்டர் இருந்தார். அவரைக் கட்டிக்கொள்ளப் போகும் ஒரு நல்ல பெண் இருந்தாள். கப்பல் கடத்தும் ஒரு திருடன் இருந்தான். நீ படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தாய். "திருடன் எதுக்கு? திருடியா இருக்கட்டுமே" என்றாய். சரி, மூன்று மாதம் ஓடட்டும், நாலாவது மாதம் ஜெயில் என்று நான் ஒத்துக்கொண்டேன். மூன்று மாதம் நாலு வருடமானது உனக்குத் தெரிந்த கதை.

நாம் வேலை செய்த முறையும் அப்படித்தான் அமைந்தது. கதையைப் பேசி முடித்ததும் நீ முதலில் படங்களை வரைவாய். பேச்சு வரும் இடங்களில் பலூன்களை வெறுமையாக விட்டு, தாளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி என் கதவுக்கடியில் தள்ளிவிடுவாய். நான் அந்த பலூன்களுக்குள் என் கரும்பலகை எழுத்தில் வசனத்தை நிரப்புவேன். பலூன் எவ்வளவு பெரிதோ, பேச்சு அவ்வளவுதான். இன்ஸ்பெக்டருக்கு எப்போதும் பெரிய பலூன் தருவாய். "அந்த ஆளுக்கு வாய்தானே வேலை" என்பாய்.

முதல் வருடம் முடிவதற்குள் கடிதங்கள் வர ஆரம்பித்தன. இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. நல்ல பெண்ணின் பெயரையே பலர் தப்பாக எழுதினார்கள். எல்லாம் மரகதம், மரகதம். அவள் டீசல் திருடினாள், வியாபாரிகளின் சரக்கைக் கடத்தினாள், கூட்டாளியை நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தாள், இன்ஸ்பெக்டரைப் பாய்மரத்தில் கட்டிப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றாள். ஆனாலும் அவளைத்தான் கேட்டார்கள். எனக்குக் கவலையாகிவிட்டது. நாம் பிள்ளைகளைக் கெடுக்கிறோமா என்று உன்னிடம் கேட்டேன். "பாசாருக்கு வா, கேட்டுப் பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாய்.

மீன் விற்கும் அக்காதான் நமக்குக் கிடைத்த முதல் வாசகி. கெம்போங் மீனின் செதிலைச் சுரண்டியபடியே சொன்னாள்: "அவ ஒருத்திதான் இந்தக் கதையில காலையில எழுந்து வேலைக்குப் போறா, டீச்சர். மத்தவ ஜன்னல்ல நிக்கிறா. ஜன்னல்ல நிக்க எனக்கெங்க நேரம்?"

பக்கத்தில் ஐஸ்கட்டி இறக்கிக்கொண்டிருந்த லோரி ஓட்டுநர் தம்பி தலையைச் சொறிந்தார். "எனக்கு அதெல்லாம் தெரியாது லா, அக்கா. அவ அழகு. அவ்வளவுதான்."

நான் முகம் சுளித்தேன். நீ விடவில்லை. "எதுல அழகு, தம்பி?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அவ நம்மளப் பார்க்கவே மாட்டேங்குறா அக்கா. பார்த்துட மாட்டாளான்னு இருக்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் உனக்குப் பெருமை தாங்கவில்லை. அது தற்செயல் இல்லை என்று அன்றுதான் எனக்குச் சொன்னாய். நல்ல பெண்ணை வரையும்போது அவள் கண்ணை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பிவிடுவாயாம். மரகதத்தின் கண்ணை மட்டும் எந்தக் கட்டத்திலும் ஆண் பக்கமோ வாசகர் பக்கமோ திருப்ப மாட்டாயாம். அவள் கயிற்றைப் பார்ப்பாள், அலையைப் பார்ப்பாள், பூட்டைப் பார்ப்பாள். "அவ கண்ணாடி பார்க்கிற மாதிரி ஒரு கட்டம் நான் வரைஞ்சதில்ல. அவ அழகப் பத்தி அவளுக்கு நெனப்பே இல்ல. அதுல விழுந்துட்டான் பாரு, ஐஸ்காரன்."

அதன்பிறகு நானும் என் வகுப்பறையை நினைத்துப் பார்த்தேன். ஒரு வருடம் ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட்டோம். இளவரசி வேஷத்துக்கு ஆள் கேட்டபோது வகுப்பில் சத்தமே இல்லை. சூனியக்காரி என்றதும் நாலு பெண் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். அன்று அதட்டி உட்காரவைத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. இளவரசி ஒரு மூலையில் நின்று காப்பாற்றப்படக் காத்திருக்க வேண்டும். சூனியக்காரிக்கு மேடை முழுவதும் சொந்தம், வாய்விட்டுச் சிரிக்கவும் அனுமதி உண்டு. அந்த நாலு பேரும் யாருக்கும் சூனியம் வைக்கப் போவதில்லை. சத்தமாகச் சிரிக்க ஒரு நாள் கிடைத்தால் போதும் அவர்களுக்கு.

வாசகர்கள் மரகதத்தின் திருட்டுக்கு ஒத்து ஊதவில்லை என்பதும் மெல்லப் புரிந்தது. கூட்டாளியைக் கடலில் விட்டுவிட்டு வந்த மாதம் எவ்வளவு திட்டு வந்தது! 'உனக்கு நல்ல சாவே வராதுடி' என்று ஒரு தாதி நேராக மரகதத்துக்கே கடிதம் எழுதியிருந்தார். கடைசி வரியில், 'அடுத்த மாதம் என்ன செய்யப்போகிறாய்?' என்றும் கேட்டிருந்தார். வீட்டில் இப்படியொருத்தி இருந்தால் குடும்பம் தாங்காது. காகிதத்தில் இருப்பதால் பயமில்லாமல் பிரியம் வைக்கலாம், திட்டலாம், மறுபடியும் பிரியம் வைக்கலாம்.

இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகும் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

தொடரை முடிக்க வேண்டிய சமயம் நஸீர் தம்பி போன் செய்தார். "டீச்சர், மொத்தமா வாங்குற ரெண்டு பள்ளிக்கூடத்துல பெற்றோர் பேசிட்டாங்களாம். கெட்டவ கடைசியில திருந்தணும், இல்லாட்டி இதழ் வேணாங்கிறாங்க. ஒரு மன்னிப்பு போட்டுருங்களேன்."

"அதுக்கென்ன தம்பி, போட்டுட்டாப் போச்சு" என்றேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயந்து ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே. அதுதான் சரி என்றே நம்பினேன். முப்பது வருடமாக ஒரு கதையைக்கூட 'இதிலிருந்து நாம் அறிவது' என்று சொல்லாமல் முடித்தவள் இல்லை நான். அன்று மத்தியானமே மரகதத்துக்குப் பதினொரு வரியில் மன்னிப்பு எழுதினேன். 'கடலன்னையே' என்று தொடங்கும். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது.

இரண்டு நாள் கழித்துக் கதவுக்கடியில் தாள் வந்தது. ஒன்பது கட்டம். படகுத்துறையில் இன்ஸ்பெக்டர் மரகதத்துக்கு மாட்டக் கைவிலங்கோடு நிற்கிறார். பின்னால் ஊர் கூடி நிற்கிறது. இன்ஸ்பெக்டருக்கு வழக்கம்போல் பெரிய பலூன். கூட்டத்துக்கும் இரண்டு சின்ன பலூன். மரகதத்துக்கு ஒன்றுகூட இல்லை. நாலு வருடத்தில் முதல்முறையாக அவரைப் பார்க்கிறாள், கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்க்கிறாள், தண்ணீரைப் பார்க்கிறாள். எட்டாவது கட்டத்தில் அவளை ஏற்றிக்கொண்டு சம்பான் படகு ஒன்று துறையை விட்டு நகர்கிறது. ஒன்பதாவது கட்டத்தில் வெறும் கடல்.

நஸீர் தம்பி உனக்கும் போன் செய்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். நீ அடுப்படியில் இருந்தாய்.

"மரகதத்துக்கு பலூன் எங்க?"

"இல்ல."

"அவ பேச வேணாமா?"

"வேணாம். பேசவிட்டா நீ மன்னிப்புக் கேக்க வெச்சுருவ. உன்னை எனக்குத் தெரியாதா, டீச்சரம்மா?"

"தப்புச் செஞ்சவ கேக்கத்தானே வேணும்?"

"தண்டனை குடு. ஜெயில்ல போடு. சுட்டுக்கூடத் தள்ளு, நான் வரையிறேன். ஊரக் கூட்டி வெச்சு மன்னிப்பு மட்டும் கேக்க வைக்காத."

அடுப்பை அணைத்துவிட்டு நீ உட்கார்ந்தாய். அத்தனை வருடப் பழக்கத்தில் அதுவரை சொல்லாததைச் சொன்னாய்.

"புருஷன் வீட்ட விட்டு வந்தப்ப எனக்கு இருபத்தாறு. அண்ணன் வீட்டுக் கூடத்துல சொந்தக்காரங்க அத்தனை பேரும் உக்காந்திருந்தாங்க. 'தப்பு என் மேலதான், மன்னிச்சுக்குங்க'ன்னு சொன்னா உள்ள வான்னாங்க. அம்மா அழுதுக்கிட்டு நின்னுச்சு. சொன்னேன். தப்பு என் மேல இல்ல. இருந்தும் சொன்னேன். கடவுள்கிட்ட மன்னிப்புக் கேக்க எனக்கு வெட்கமில்ல, கோயிலுக்குப் போறப்பெல்லாம் கேக்குறேன். அந்தக் கூடத்துல கேட்டதுதான் இன்னும் தொண்டையிலேயே நிக்குது. இவளாவது கேக்காமப் போகட்டுமே."

தாளோடு கீழே இறங்கி வந்தேன். கடைசிக் கட்டத்தில் வானம் காலியாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்து நானே ஒரு பலூன் போட்டிருக்கலாம். நீ அழித்திருக்க மாட்டாய், என் எழுத்துக்கு அவ்வளவு மரியாதை வைத்திருந்தாய். போடவில்லை. பதினொரு வரியையும் கிழித்தேன். நீ கேலி செய்தாலும், ஒரு ஆசிரியைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் இருவரும் நஸீர் தம்பியின் மாடிக்குப் போனோம். கீழேயிருந்து மீன் குழம்பு வாசம் ஏறி வந்துகொண்டிருந்தது. தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது? நீங்க ஒத்துக்கிட்டீங்களே!"

"ஒத்துக்கிட்டது என் தப்பு தம்பி. வரையிறவளக் கேக்காம நான் வாக்குக் குடுத்திருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க. ரெண்டு பேரும்."

நீ மேசையைத் தட்டிச் சிரித்தாய். "பார்த்தீங்களா தம்பி, கடைசியில மன்னிப்புக் கேட்டது யாருன்னு! அத அச்சுல போட்டு அந்தப் பெற்றோர்கிட்ட காட்டுங்க."

தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒன்பதாவது கட்டத்தின் மேல் விரலை வைத்து, "என் தங்கச்சி இதப் பார்த்தா அழுவா" என்று மட்டும் சொன்னார். அப்படியே அச்சிட்டார். ஒரு பள்ளிக்கூடம் இதழை நிறுத்திவிட்டது. மறுபடி வாங்கவே இல்லை. அதையும் எழுதாவிட்டால் மடல் பொய்யாகிவிடும்.

ஆனால் கடிதங்கள்! பேசாத ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு அவ்வளவு பேர் பேசினார்கள். அந்த இடத்தில் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஆளுக்கொரு வசனம் எழுதி அனுப்பினார்கள். எல்லாமே என் பதினொரு வரியைவிட நன்றாக இருந்தன. ஒருத்திகூட அதில் மன்னிப்பு எழுதவில்லை. தாங்கள் எங்கேயோ, யார் முன்னாலோ சொல்லாமல் விழுங்கியதை அவள் வாயில் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அவள் மேல் அவர்களுக்கு ஏன் அத்தனை பிரியம் என்று அந்தக் கடிதங்களைப் படித்த பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

எல்லாக் கடிதத்திலும் ஒரு கேள்வி இருந்தது: மரகதம் எங்கே போனாள்? உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உனக்கு ஊசி போட வந்த பெண்கூட, நீ யாரென்று தெரிந்ததும், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத்தான் கேட்டாள். "எனக்கே அவ சொல்லலம்மா. சொன்னா பிடிச்சுருவாங்கன்னு பயம்" என்றாய். அந்த வலியிலும் உன் முகத்தில் இருந்த கர்வம்!

ஊசிக்காரப் பெண் போனதும் என்னை அருகில் கூப்பிட்டு, உண்மையைக் காதில் சொன்னாய். ஊரின் பெயர், எந்தக் குடா, எந்தப் பாறைக்குப் பின்னால், அங்கே அவள் இப்போது என்ன வேலை செய்கிறாள், எல்லாம். வேறு யாருக்கும் தெரியாது. காமிக்ஸ் விழாக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள், நஸீர் தம்பி இன்றுவரை கேட்கிறார். எனக்குத் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள், இந்த ஒரு பொய்யைத் தலை நிமிர்ந்து சொல்கிறேன்.

போன மாதம் பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். எந்த பஸ் என்று எழுத மாட்டேன். இந்த மடலை வேறு யாராவது படித்துவிடலாம்.